நலம் விசாரிக்கச் செல்லும் முன் கைகளைச் சுத்தம் செய்வோம்

நோயாளியை நலம் விசாரிப்பது நபிவழி. உப்பளத்தில் ஒருவர் ஐசியூவில் இருக்கிறார் என்றால் உறவினர்கள் திரண்டு செல்கிறோம். நம் கைகளே அவருக்கு ஆபத்தாகிவிடக் கூடாது.

கழுத்து அல்லது கையின் இரத்தக் குழாயில் செருகியுள்ள டிரிப்ஸ் குழாய், சிறுநீர்க் குழாய் ஆகியவற்றின் வழியாகக் கிருமிகள் இரத்தத்தில் கலக்கலாம். புதிதாக வரும் காய்ச்சல், நடுக்கம், இரத்த அழுத்தக் குறைவு அதன் அடையாளங்கள். எந்த மருந்து கேட்கும் என்பதை இரத்தக் கல்ச்சர் பரிசோதனை காட்டும்.

சில கிருமிகளுக்குக் கார்பபெனம் போன்ற வலிமையான ஆன்டிபயாட்டிக்கும் கேட்பதில்லை. அம்மருந்தைச் சிதைக்கும் என்டிஎம்-1 நொதியுள்ள கிருமிகள் சென்னையில் 44 மாதிரிகளில் இருந்ததாக, கார்த்திகேயன் குமாரசாமி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010இல் லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் மருத்துவ இதழில் எழுதினர்.

நாம் செய்ய வேண்டியவை:

1. நோயாளியைத் தொடும் முன்பும் பின்பும் சோப்பாலோ சானிடைசராலோ கைகளைச் சுத்தம் செய்வோம். உளூ இருந்தாலும் இது அவசியம்.

2. சானிடைசரில் ஆல்கஹால் உள்ளதே என்று தயங்க வேண்டாம். கிருமிகளைக் கொல்ல அதை வெளிப்புறமாகப் பயன்படுத்தலாம் என்று மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் கவுன்சில் 2002இல் தீர்ப்பளித்துள்ளது.

3. குழாய்களைத் தொடாதிருப்போம். அவை இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் தினமும் கேட்போம்.

4. சளி, காய்ச்சல் உள்ளவர் வீட்டிலிருந்தே துஆ செய்யட்டும்.

5. மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் வாங்க வேண்டாம். கண்டபடி உண்பதால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக!