விளக்கேற்றியவர் எங்கே?

மயிலைக் கோபுரத்தில் மின்விளக்கு மின்னுகிறது. "இறைவன் அருளொளி" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார் பக்தர். தியாகராய நகர்க் கடைவீதி இரவைப் பகலாக்குகிறது. "இலட்சுமி கடாட்சம்" என்கிறார் வணிகர். நாம் கேட்கிறோம்: அந்த ஒளியை அனுப்பியவர் யார்?

வரலாறு விடை கூறும். 1895-ல் இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியது சென்னையிலேதான். பின்னர், மின்விளக்கு தந்த ஆங்கிலக் கம்பெனி பேசின் பிரிட்ஜில் அனல்மின் நிலையம் நடத்திற்று. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பெயர் தாங்கி 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. 1947-ல் கம்பெனியை அரசு ஏற்றது. 1957-ல் மின்வாரியம் பிறந்தது. கம்பெனியின் பெயர் ஏட்டிலே. அமைச்சர் பெயர் கல்வெட்டிலே. ஆபரேட்டரின் பெயர் எங்கே?

அவர் பணி எளிதா? கொதிகலனில் நீர் குறைந்தால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். மிகுந்தால் நீராவியோடு நீரும் பாய்ந்து டர்பைன் தகடுகளைச் சிதைக்கும். மாலையில் ஊர் விளக்கேற்றும்போது சுமை ஏறும், சுழற்சி தளரும். உடனே நீராவியைக் கூட்டவேண்டும். நொடிக்கு 50 என்னும் அலைவெண் பிறழலாகாது. மற்றோர் இயந்திரத்தை இணைப்பதாயின் மின்னழுத்தம், அலைவெண், அலையின் கட்டம் மூன்றும் ஒத்துவரும் கணத்திலே இணைத்தாகவேண்டும். கணம் தவறினால் இயந்திரமே குலுங்கிச் சிதையும்.

அந்தக் கணத்தை எந்தப் பஞ்சாங்கம் குறித்தது? உயர்குலத்தான் பார்த்தால் அளவுமானியின் முள் பணிந்து நிற்குமா? 1831-ல் பாரடே கண்ட உண்மையால் சுழல்கிறது இயந்திரம். ஆயுத பூசையில் அதற்குச் சந்தனம்! விழித்த கண்ணுக்கோ நன்றியில்லை!

அந்தக் கண்ணுக்கும் ஓய்வு வேண்டுமன்றோ? கொதிகலன் உறங்காது, ஆகவே நாள் மூன்று ஷிப்டாயிற்று. அந்த எட்டு மணி நேரம் யாரும் இட்ட பிச்சையன்று. 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார் சிங்காரவேலர். வைசிராய் அவையில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையை ஏற்ற அம்பேத்கர், மின்துறை வளர்ச்சியையும் திட்டமிட்டார். ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி என வரையறுத்த 1946-ஆம் ஆண்டுத் திருத்தம் அவர் பொறுப்பில் வந்ததே.

பேசின் பிரிட்ஜின் பழைய கொதிகலன்கள் இன்றில்லை. வடசென்னையிலும் பிற ஊர்களிலும் பிறர் விழித்திருக்கின்றனர். இளைஞர்களே! மன்னர் பட்டியலை மனப்பாடம் செய்தது போதும். உங்கள் ஊர் மின்நிலையத்தில் உழைத்து ஓய்ந்த முதியவர்களைத் தேடிச் செல்லுங்கள். அவர்கள் கூறுவதை எழுதி வையுங்கள். எழுதப்படாத அந்த ஏடுகளே நம் வரலாறு!