கோதுமைக் கப்பலும் நம்ம நிலமும்

ரேஷனில் போட்ட கோதுமையை இடித்துக் களி கிண்டிய கதையை எங்க ஆயா சொல்லும். அந்தக் கோதுமை என்ன பேரத்தில் வந்ததென்று பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவின் 1954-ஆம் ஆண்டு பி.எல். 480 சட்டப்படி, அதன் உபரித் தானியத்தை இந்தியா ரூபாய் கொடுத்தே வாங்கியது. 1965-இல் மழை பொய்த்தது. ஜனாதிபதி ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் போட மறுத்து, கொஞ்சங் கொஞ்சமாய் அளந்து அனுப்பினார். வியட்நாமில் குண்டு போடுவதை நிறுத்து என்று இந்தியா சொன்னது அவருக்கு ஆத்திரம். பெல் தலைமையில் வந்த உலக வங்கிக் குழு ரூபாய் மதிப்பைக் குறைக்கச் சொன்னது. 1965 நவம்பரில் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அமெரிக்க விவசாய அமைச்சர் ஃப்ரீமனும் ரோமில் இரகசியமாய் ஒப்பந்தம் செய்தார்கள்: உரம், வீரிய விதை, விவசாயத்துக்குக் கூடுதல் முதலீடு. 1966 ஜூன் 6-இல் டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. அதற்குப் பிறகும் இந்தியா வியட்நாம் பற்றிப் பேசியது. கப்பல் மறுபடி தாமதமானது.

இது தேசிய அவமானம் என்கிறார்கள். சரி, இருக்கட்டும். நான் கேட்பது வேறு. ரூபாய் வரைக்கும் கைவைத்த அந்த நிபந்தனைகளில், உழுகிறவனுக்கு நிலம் என்று ஒரு வரி உண்டா? கொடுத்தவனும் கேக்கல, வாங்கினவனும் சொல்லல.

தீவிர சாகுபடித் திட்டத்துக்கு 1960-லேயே தேர்வான மாவட்டம் தஞ்சை. உரமும் விதையும் வயலுக்கு வந்தன. வயல் மிராசுதாரிடமே இருந்தது. விளைச்சலில் பங்காகக் கூலி நெல் கூடக் கேட்டார்கள் விவசாயத் தொழிலாளிகள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 தலித்துகளைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள்.

பசியைக் காட்டித்தான் இரு அரசுகளும் பேரம் பேசின. பசித்த எங்க ஆயாவை யாரும் கேக்கல.