பந்து கோட்டைத் தாண்டியது உண்மைதான்

2024 ஜூன் 12, புதன்கிழமை காலை. இண்டூர் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நாலைந்து பேர் ஒரு கைபேசியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பத்து வினாடி வீடியோ ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள். முந்தைய நாள் இரவு கத்தாரில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் இந்தியா 1-2 என்று தோற்றிருந்தது. வீடியோவில் இருப்பது கத்தார் போட்ட முதல் கோல். கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்த பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டி முழுசாக வெளியே போய்விடுகிறது. கத்தார் வீரர் அதைக் காலால் உள்ளே இழுக்கிறார், இன்னொருவர் அடிக்கிறார். ரெஃப்ரி கோல் என்கிறார்.

"இது கோலாண்ணா? கண்ணு தெரியாதவன்கூட அவுட்னு சொல்லுவான்" என்றான் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. கண்டீரவா மைதானத்தில் சுனில் சேத்ரி ஆடுவதை நேரில் பார்த்தவன். அதனாலேயே இந்த விஷயத்தில் அவன் சொல்லுக்குக் கடையில் கொஞ்சம் மரியாதை உண்டு.

"கோச்சை மாத்தணும்ப்பா முதல்ல."

"சேத்ரி இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா? அஞ்சு நாளுக்கு முன்னாடிதானே ரிட்டையர் ஆனார்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னார்: "நமக்கு இது புதுசா என்ன? 1950-லயே வேர்ல்டு கப்புக்கு நம்மள விடலையே. ஷூ போடாம ஆடக்கூடாதுன்னு சொல்லிட்டான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கடைசி வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது. அதைத் துருவிக்கொண்டு போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

1948: தவறிய 2 பெனால்டி

சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி ஆடிய முதல் சர்வதேச ஆட்டமே ஒரு தோல்விதான். 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக். நகருக்கு வெளியே இல்ஃபர்டில் இருந்த சின்ன மைதானம். எதிரே பிரான்ஸ். கேப்டன் நாகா மலையிலிருந்து வந்த தலிமேரன் ஆவ். நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள்.

பிரான்ஸ் முதலில் ஒரு கோல் அடித்தது. 70-வது நிமிடத்தில் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல் அது. 89-வது நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொன்றைப் போட்டு 2-1 என்று முடித்தது.

இந்த ஆட்டத்தைப் பற்றி இன்று யாரைக் கேட்டாலும் 'வெறுங்கால்' என்பார்கள். அந்தக் கால்கள் லண்டன் ரசிகர்களைக் கவர்ந்தது உண்மை. ஆனால் அதே ஆட்டத்தில் இந்தியாவுக்கு 2 பெனால்டி கிடைத்தது. ஒன்றைச் சைலேன் மன்னாவும் மற்றொன்றை மகாவீர் பிரசாத்தும் தவறவிட்டார்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்ற ஆட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் நாட்டுப் போட்டிகளில் வெகுகாலம் 70 நிமிட ஆட்டம்தான் வழக்கம். வெளியே போனால் 90 நிமிடம். கடைசி 20 நிமிடம் என்பது நம் வீரர்களுக்குப் பழக்கமே இல்லாத பிரதேசம். இந்த ஆட்டத்தை முடித்த கோல் 89-வது நிமிடத்தில் விழுந்தது.

பெனால்டியும் 70 நிமிடமும் கதையில் நிற்கவில்லை. வெறுங்கால் நின்றுவிட்டது. ஏழை நாடு, காலணி இல்லாத பையன்கள், வெள்ளைக்காரர்களுக்குச் சமமாக ஆடினார்கள் என்பது கேட்க நன்றாகத்தானே இருக்கிறது.

1950: போகாத ஊருக்கு வழி

பெரியவர் சொன்ன கதைக்கு வருவோம். 1950-இல் பிரேசிலில் உலகக் கோப்பை. தகுதிச் சுற்றில் பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டதால் இந்தியா ஒரு ஆட்டம்கூட ஆடாமல் தகுதி பெற்றது. இத்தாலி, சுவீடன், பராகுவே இருந்த பிரிவில் இடமும் ஒதுக்கினார்கள். இந்தியா போகவில்லை.

வெறுங்காலோடு ஆட ஃபிஃபா அனுமதிக்காததால்தான் போகவில்லை என்பது நாடு முழுக்கப் பரவிய கதை. இதை உடைக்க ஆவணக் காப்பகத்துக்கெல்லாம் போக வேண்டியதில்லை, ஒரு தேதி போதும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். 1950-இல் கால்தான் தடையாக இருந்திருந்தால், 1952-இல் அதே கால் எப்படி உள்ளே போனது?

பிரேசில்காரர்கள் பயணச் செலவில் பெரும்பங்கை ஏற்கவும் தயாராக இருந்தார்கள். அணி தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நேரம் இல்லை என்று சம்மேளனம் சொன்னது. நீண்ட கப்பல் பயணம் வேறு. இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது ஒன்றுதான்: அன்றைக்கு நமக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை பெரிதாகத் தோன்றவில்லை. அணித் தலைவராகப் போயிருக்க வேண்டிய மன்னாவே பிற்காலத்தில் இதைத்தான் சொன்னார்.

'நாங்கள் போக வேண்டாம் என்று முடிவெடுத்தோம்' என்பதைவிட 'அவன் விடலை' என்பது சொல்ல எளிது. முதல் வாக்கியத்தில் நம்மேல் ஒரு பொறுப்பு இருக்கிறது, இரண்டாவதில் அது இல்லை. 70 வருடம் கழித்து இண்டூர் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது இரண்டாவது வாக்கியம்தான்.

1952: பத்துக்கு ஒன்று

இனி வருவது நம் கால்பந்தின் மிக மோசமான நாட்களில் ஒன்று. ஹெல்சிங்கி, 1952 ஜூலை 15. யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. அந்த ஒன்றும் ஆட்டம் முடியும் தறுவாயில் அகமது கான் அடித்தது. குளிர், ஈரத் தரை, வெறுங்கால். முந்தைய ஆண்டுதான் டெல்லியில் ஈரானை 1-0 என்று வென்று ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வாங்கியிருந்த அணி இது.

சாக்குச் சொல்ல வேண்டும் என்றால் இங்கேதான் தாராளமாக இருந்தது. குளிரைச் சொல்லலாம். எதிரணியின் பலத்தைச் சொல்லலாம், அந்த யூகோஸ்லாவியா வெள்ளிப் பதக்கம் வரை போனது. நியாயமான காரணங்கள்தான். ஆனால் குளிரையும் எதிரணியையும் நம்மால் மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது காலில் இருந்தது. ஹெல்சிங்கிக்குப் பிறகு பூட்ஸ் கட்டாயம் என்று சம்மேளனம் முடிவெடுத்தது.

ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். 2024 ஏப்ரலில் வந்த 'மைதான்' இந்திப் படம் இவரைப் பற்றியதுதான். பத்து கோல் வாங்கிய பிறகும் அவர் பதவியில் தொடர்ந்தார். பூட்ஸோடு நிற்காமல் அணியின் ஆட்ட அமைப்பையும் மாற்றினார்.

நான்கே ஆண்டுகள். 1956 டிசம்பர், மெல்பர்ன் ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவை 4-2 என்று அவர்கள் மண்ணிலேயே வென்றது இந்தியா. நெவில் டிசோசா 3 கோல். அரையிறுதியில் எதிரே மறுபடியும் யூகோஸ்லாவியா. இடைவேளை வரை கோலே இல்லை. 52-வது நிமிடத்தில் டிசோசா அடித்து இந்தியா முந்தியது! கடைசியில் 4-1 என்று தோற்றோம் என்பது வேறு. ஆனால் எந்த அணியிடம் பத்து வாங்கினோமோ அதே அணிக்கு எதிராக ஒலிம்பிக் அரையிறுதியில் முன்னிலையில் நின்றோம்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இன்னும் துல்லியமான உதாரணம். பிரிவு ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. சில நாள் கழித்து இறுதி ஆட்டத்திலும் அதே தென் கொரியா. தலையில் தையலோடு இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். ஜர்னைல் ஒரு கோல், பி.கே. பானர்ஜி ஒரு கோல், 2-1, தங்கம். அன்று கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் பீட்டர் தங்கராஜ். தோல்விக்கும் வெற்றிக்கும் நடுவில் கிடைத்த அந்தச் சில நாட்களில் ரஹீமும் தோல்வியை விவாதித்துத்தான் இருப்பார். அந்த விவாதம் அடுத்த ஆட்டத்தின் அணிப் பட்டியலில் போய் முடிந்தது.

மறுபடியும் டீக்கடை

இப்போது அந்தப் பத்து வினாடி வீடியோவுக்குத் திரும்புவோம். பந்து வெளியே போனது உண்மை. அநியாயம் நடந்ததும் உண்மை. சம்மேளனம் புகார் கொடுத்ததிலும் தப்பில்லை. ஆனால் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

ஆறு ஆட்டம்: குவைத்தை 1-0 வென்றோம். கத்தாரிடம் 0-3. ஆப்கானிஸ்தானோடு 0-0. குவஹாத்தியில் அதே ஆப்கானிஸ்தானிடம் 1-2. கொல்கத்தாவில் குவைத்தோடு 0-0, சேத்ரியின் விடைபெறும் ஆட்டம். கடைசியாகக் கத்தாரிடம் 1-2. மொத்தம் அடித்தது 3 கோல், அதில் ஒன்று பெனால்டி. கிடைத்தது 5 புள்ளி. அடுத்த சுற்றுக்குப் போன குவைத்துக்கு 7.

அந்தத் தப்பான கோலை மட்டும் கழித்துவிட்டால்? ஸ்கோர் 1-1, நமக்கு 6 புள்ளி. அப்போதும் வெளியேதான். அந்தக் கோல் விழாமல் இருந்திருந்தால் ஆட்டமே வேறு மாதிரி போயிருக்கும் என்று வாதாடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரெஃப்ரியைக் குறை சொல்ல முடியாத ஒரு ஆட்டம் இருக்கிறதே, அது மார்ச் 26 குவஹாத்தி. சேத்ரியின் 150-வது ஆட்டம், அவர் பெனால்டியில் நாம் 1-0 முன்னிலை. 70-வது நிமிடம் ஒன்று, 88-வது நிமிடம் ஒன்று வாங்கித் தோற்றோம். கத்தாரிலும் 1-0 முன்னிலை. கோல் விழுந்தது 73-வது நிமிடமும் 85-வது நிமிடமும்.

இரண்டு ஆட்டத்திலும் முன்னிலை, இரண்டிலும் கடைசி 20 நிமிடத்தில் சரிவு. இதைப் பற்றி அன்று டீக்கடையில் யாரும் பேசவில்லை. வீடியோ இருந்தது எல்லைக்கோட்டுக்கு மட்டும்தான்.

அன்றைக்குக் கடையில் கொடுத்த தீர்ப்புகள் பிறகு ஒவ்வொன்றாக நிறைவேறின. பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சை ஜூன் 17-ஆம் தேதியே நீக்கினார்கள். அடுத்த ஆண்டு சேத்ரியும் ஓய்விலிருந்து திரும்பி வந்தார். 2025 ஜூனில் ஹாங்காங்கிடம் 0-1, கூடுதல் நேரத்தில் விழுந்த பெனால்டி. அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் முதலில் கோல் அடித்து முந்திய பிறகு 1-2. 2027 ஆசியக் கோப்பையும் கையை விட்டுப் போனது.

ஸ்டிமாச்சையோ சேத்ரியையோ பற்றித் தீர்ப்பு எழுத எனக்குத் தகுதி இல்லை. ரசிகன் டீக்கடையில் ரெஃப்ரியைத் திட்டுவதும் குற்றமில்லை, அதுக்குத்தானே டீக்கடை. ஆனால் தோல்விக்கு எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருக்கும். அதில் எதை நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. 1950-க்கு நாம் தேர்ந்தெடுத்த காரணம் ஒரு கதையைத் தந்தது. 1952-க்குத் தேர்ந்தெடுத்த காரணம் ஒரு ஜோடி பூட்ஸையும் பத்து வருட உழைப்பையும் தந்தது.

அடுத்த தடவை அந்தப் பெரியவரைப் பார்த்தபோது 1952 விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ நாமளாத்தான் போகலையா?"

"ஆமாங்க."

"அடப்பாவிங்களா" என்று சிரித்தார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.