உக்கிராணக்காரரான படைமருத்துவர்: ஜான் ஷா பில்லிங்ஸும் பால்டிமோர் மருத்துவமனையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை மேலைநாடுகளில் மருத்துவமனை என்பது, வீடும் உற்றாரும் அற்ற ஏழைகள் சென்று படுக்கும் இடமாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. வசதியுள்ளோர் தத்தம் இல்லங்களிலேயே மருத்துவம் பெற்றனர். அந்நிறுவனத்தை நோய் தீர்க்கும் இடமாகவும், கற்பிக்கும் இடமாகவும், ஆராயும் இடமாகவும் ஒருங்கே ஆக்கியவர்களுள் அமெரிக்கப் படைமருத்துவரான ஜான் ஷா பில்லிங்ஸ் (1838-1913) முதன்மையானவர். நிர்வாகம் என்பது ஊழியத்துக்குப் புறம்பானதோ, அன்றி அதன் ஒரு கூறோ என்னும் வினா திருச்சபையில் அவ்வப்போது எழுவதுண்டு. பில்லிங்ஸின் பணியை ஆராய்வது அவ்வினாவுக்கு ஓரளவு ஒளி தரும்.

போர்க்களம் தந்த கல்வி

இந்தியானா மாநிலத்தில் பிறந்த பில்லிங்ஸ், 1860-ஆம் ஆண்டு ஒஹாயோ மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தமது பட்ட ஆய்வுக்கு வேண்டிய நூல்களைத் தேடிப் பல நூலகங்களை நாடியும் அவர் நிறைவு பெறவில்லை. 1861-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டபோது படைமருத்துவப் பணியில் சேர்ந்தார். வாஷிங்டனில் பழைய படைக் குடியிருப்பு ஒன்றை மருத்துவமனையாக மாற்றும் பொறுப்பு அவரிடம் விடப்பட்டது. 1863-ஆம் ஆண்டு சான்சலர்ஸ்வில், கெட்டிஸ்பர்க் ஆகிய பெரும் போர்களில் காயமுற்றோர்க்கு அவர் அறுவை மருத்துவம் செய்தார்.

அப்போரில் மாண்ட வீரருள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் குண்டினால் அன்று, நோயினால் மாண்டவர்கள். நெருக்கமும் அசுத்தமும் மனிதரைக் கொல்லும் என்பதைப் பில்லிங்ஸ் கண்கூடாகக் கண்டார். 1870-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட அறிக்கை, படைவீரரின் குடியிருப்புகளிலும் மருத்துவமனைகளிலும் நிலவிய குறைகளைத் தயக்கமின்றி எடுத்துரைத்தது.

போர் முடிந்தபின் படைமருத்துவமனைகளின் நிதியில் ஏறக்குறைய 80,000 டாலர் எஞ்சி நின்றது. அத்தொகை படைமருத்துவத் தலைமையகத்தின் சிறு நூலகத்துக்கு ஒதுக்கப்பட, அந்நூலகம் பில்லிங்ஸின் பொறுப்பில் வந்தது. 1895-ஆம் ஆண்டு அவர் ஓய்வு பெற்றபோது அங்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன. மாணவப் பருவத்தில் தாம் உணர்ந்த குறையைப் பின்வந்த மாணவர் உணராதபடி, மருத்துவ நூல்கள், கட்டுரைகள் அனைத்துக்கும் பெரும் அட்டவணை ஒன்றை 1880 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அந்நூலகமே இன்று அமெரிக்க தேசிய மருத்துவ நூலகமாக விளங்குகிறது.

பால்டிமோரில் எழுந்த மருத்துவமனை

பால்டிமோர் நகர வணிகரும் குவேக்கர் சபையைச் சார்ந்தவருமான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1873-ஆம் ஆண்டு காலமானார். அவர் விட்டுச்சென்ற எழுபது லட்சம் டாலர், ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மருத்துவமனைக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டது. அவ்வாண்டு தர்மகர்த்தாக்களுக்கு அவர் எழுதிய கடிதம் கவனத்துக்குரியது. ஆண், பெண், வயது, நிறம் என்னும் வேறுபாடின்றி ஏழை நோயாளிகள் கட்டணமின்றி ஏற்கப்படவேண்டும். சமயத்தின் நல்ல செல்வாக்கு நிர்வாகம் முழுவதிலும் உணரப்படவேண்டும். எனினும் எந்தச் சபைப்பிரிவின் ஆதிக்கமும் அங்கு நுழையலாகாது என அவர் பணித்தார்.

தர்மகர்த்தாக்கள் ஐந்து மருத்துவர்களிடம் திட்டம் கேட்டனர். 1875-ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வைந்து கட்டுரைகளுள் பில்லிங்ஸின் கருத்துகள் அவர்களைப் பெரிதும் கவர்ந்தன. அடுத்த ஆண்டு அவர் ஆலோசகரானார். ஐரோப்பிய மருத்துவமனைகளைச் சென்று கண்டபின் திட்டத்தைச் செப்பனிட்டார். ஒரு கட்டடத்தின் காற்று மற்றொன்றுக்குள் புகாதபடி நோயாளர் கூடங்கள் தனித்தனியே அமைந்தன. மூலதனத்தைத் தொடாமல் அதன் வருவாயைக்கொண்டே கட்டவேண்டியிருந்தமையால், 1877-இல் தொடங்கிய வேலை 1889-ஆம் ஆண்டு மே 7 அன்றுதான் நிறைவெய்தித் திறப்புவிழாக் கண்டது. இதற்கிடையே நோய்க்கிருமிக் கொள்கை நிலைபெற்று, காற்றைப் பற்றிய பழைய எண்ணங்களுள் பல தளர்ந்தன. ஆயினும் தூய்மையும் இடவசதியும் தனிமைப்படுத்தலும் புதிய கொள்கைக்கும் ஏற்றவையாகவே இருந்தன.

கட்டடத்தினும் மனிதரே முக்கியம் என்பதையும் அவர் அறிந்திருந்தார். வில்லியம் வெல்ச், வில்லியம் ஆஸ்லர் ஆகியோரைத் தெரிந்தெடுத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆஸ்லரின் அறைக்கு வந்த பில்லிங்ஸ், உட்காரவும் செய்யாமல், மருத்துவப் பிரிவின் பொறுப்பை ஏற்பீரா எனக் கேட்டு, ஆம் என்ற விடையைப் பெற்றுச் சில நிமிடங்களில் விடைபெற்றதாக ஆஸ்லரே நினைவுகூர்ந்துள்ளார். திறந்தபின் அம்மருத்துவமனையின் தலைமை ஹென்றி ஹர்டு என்பாரிடம் சென்றது. பில்லிங்ஸோ படைப்பணியிலேயே தொடர்ந்து, ஓய்வுக்குப்பின் நியூயார்க் பொது நூலகத்தின் முதல் இயக்குநரானார்.

விருப்பமும் நடைமுறையும்

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. நிறவேறுபாடின்றி என்று கொடையாளர் எழுதினார். கதவும் எல்லார்க்கும் திறந்தது. ஆனால் உள்ளே நோயாளர் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டனர். 1896-ஆம் ஆண்டு அம்மருத்துவமனையின் குவிமாடத்தின்கீழ், விரித்த கரங்களோடு நிற்கும் கிறிஸ்துவின் பெருஞ்சிலை நிறுவப்பட்டது. அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும், 1951-இல், ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி கறுப்பினத்தார்க்கென ஒதுக்கிய கூடத்திலேயே சிகிச்சை பெற்று மாண்டார். ஒரு கட்டடத்தின் காற்று மற்றொன்றைத் தீண்டாதபடி பிரிப்பது நோயைத் தடுக்கலாம். மனிதரை மனிதரினின்று பிரிப்பதோ தானே ஒரு நோயாகும். அதனைத் தீர்க்கக் கட்டடக்கலை போதாது.

எஞ்சிய பணத்தை நூல்களாக்கியதும், முதலைக் காத்து வருவாயில் கட்டியதும், பிறர் பணிபுரியத் தளம் அமைத்துத் தாம் விலகியதும் நல்ல உக்கிராணத்துவத்தின் அடையாளங்கள். அவற்றை ஊழியத்துக்குப் புறம்பானவை என எவரும் தள்ள இயலாது. ஆனால் உக்கிராணக்காரர் கணக்கு ஒப்புவிக்கையில், பொருள் வீணாகாமல் காக்கப்பட்டதா என்பது மட்டுமன்று, அப்பொருள் யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்கள் உள்ளே எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதும் கேட்கப்படும். மருத்துவமனையையோ பள்ளியையோ விடுதியையோ நடத்தும் பொறுப்பை ஏற்கவிருக்கும் நம் மாணவர்கள் இவ்விரு கேள்விகளையும் இணைத்தே நினைவிற்கொள்வார்களாக.