தி கெமிக்கல் பிரதர்ஸ்

தி கெமிக்கல் பிரதர்ஸ் இங்கிலாந்தைச் சேர்ந்த மின்னணு இசை இரட்டையர். டாம் ரோலண்ட்ஸ் (பிறப்பு 1971), எட் சைமன்ஸ் (பிறப்பு 1970) என்ற இருவர் மட்டுமே இதன் உறுப்பினர்கள். பெயரில் சகோதரர்கள் என்று இருந்தாலும் இருவரும் கல்லூரித் தோழர்கள்தான். 1990களின் தொடக்கத்தில் பிரிட்டனில் கிட்டார் இசையைக் கேட்டவர்களும் நடன கிளப்புகளுக்குப் போனவர்களும் தனித்தனிக் கூட்டமாக இருந்தார்கள். ராக் இசையின் முரட்டு டிரம்ஸையும் இரைச்சலையும் ஹவுஸ், ஹிப் ஹாப் இசைகளின் தாளக்கட்டோடு சேர்த்து அந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே அரங்கில் ஆடவைத்தவர்களில் இவர்களே முதன்மையானவர்கள். 'பிக் பீட்' என்று பின்னர் பெயர் பெற்ற பாணியின் முன்னோடிகளாகவும் இவர்களைச் சொல்வதுண்டு. அந்தப் பாணி சில ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டது, இவர்கள் ஓயவில்லை.

இருவரும் சந்தித்த இடம் மான்செஸ்டர். 1989இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கச் சேர்ந்தபோது வகுப்பறையில் அறிமுகமானார்கள். ஹென்லி-ஆன்-தேம்ஸில் வளர்ந்த ரோலண்ட்ஸை மான்செஸ்டருக்கு இழுத்ததில் படிப்பைவிட ஹசியெண்டா என்ற இரவு கிளப்புக்குப் பங்கு அதிகம். நியூ ஆர்டர் இசைக்குழுவும் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து நடத்திய அந்த கிளப், அசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை பிரிட்டனில் பரவிய வாசல்களில் ஒன்று. லண்டன்காரரான சைமன்ஸுக்கும் அதே மோகம் இருந்தது. ரோலண்ட்ஸ் அப்போதே ஏரியல் என்ற குழுவில் இருந்தார். டிஜேக்களாக இருவரும் சேர்ந்து தட்டுச் சுழற்றத் தொடங்கியபோது, டிக்கன்சன் சாலையில் தாங்கள் குடியிருந்த வீட்டின் கதவு எண்ணை வைத்து '237 டர்போ நட்டர்ஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். 1992இல் ஒரு பப்பின் பின்னறையில் 'நேக்கட் அண்டர் லெதர்' என்ற இரவு நிகழ்ச்சியில் வாசித்தார்கள். அங்கே வைத்துக்கொண்ட பெயர் 'தி டஸ்ட் பிரதர்ஸ்'. பீஸ்டி பாய்ஸ் குழுவின் 'பால்ஸ் பொட்டீக்' ஆல்பத்தை உருவாக்கிய அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் பெயர் அது. அவர்கள்மேல் இருந்த மதிப்பில் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பப்பின் பின்னறையில் ஒலிப்பதை அமெரிக்காவில் யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம் அப்போது நியாயமாகவே இருந்தது.

ஹிப் ஹாப் வாத்திய இசைத் தட்டுகளை வேகம் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்த இருவருக்கும் விரைவில் ஒரு தட்டுப்பாடு வந்தது. தங்களுக்குப் பிடித்த மாதிரியான தட்டுகள் போதவில்லை. அதனால் தாங்களே செய்ய முடிவெடுத்தார்கள். 1992இல் ஒரு ஹிட்டாச்சி ஹை-ஃபை செட், ஒரு கணினி, ஒலித்துண்டுகளை எடுத்து மீண்டும் இசைக்கும் ஒரு சாம்பிளர், ஒரு கீபோர்டு, இவ்வளவையும் வைத்துப் படுக்கையறையில் பதிவு செய்த பாட்டு 'சாங் டு த சைரன்'. ஐந்நூறு பிரதிகளைத் தாங்களே அச்சிட்டார்கள். லண்டனின் நடன இசைத்தட்டுக் கடைகள் அதைத் திருப்பி அனுப்பின. நிமிடத்துக்கு 111 பீட் என்ற வேகம் ஆடுவதற்குப் போதாது என்பது கடைக்காரர்கள் சொன்ன காரணம். புகழ்பெற்ற டிஜே ஆண்ட்ரூ வெதரால் மட்டும் அதை எடுத்துத் தன் நிகழ்ச்சிகளில் ஒலிக்கவிட்டார். அவர் வழியாக ஜூனியர் பாய்ஸ் ஓன் நிறுவனம் பாட்டை வெளியிட்டது. இன்று கேட்டாலும் அந்தப் பாட்டின் பலம் கடைக்காரர்கள் குறை சொன்ன அதே நிதானத்தில்தான் இருக்கிறது. வேகம் குறைந்த இடத்தில் டிரம்ஸின் எடை கூடுகிறது. பின்னாளில் இவர்களுடைய கையெழுத்தாகிப்போன ஒலி அது.

1994 இவர்களை உருவாக்கிய ஆண்டு. 'ஃபோர்டீன்த் செஞ்சுரி ஸ்கை' என்ற சிறு தொகுப்பில் வந்த 'கெமிக்கல் பீட்ஸ்' பாட்டு, ரோலண்ட் டிபி-303 கருவியின் கிறீச்சிடும் அசிட் ஒலியை உடைந்த டிரம்ஸ் தாளத்தின் மேல் ஓட்டியது. மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ், ப்ரைமல் ஸ்க்ரீம், தி பிராடிஜி போன்ற குழுக்களுக்கு ரீமிக்ஸ் செய்து தந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக லண்டனின் கிரேட் போர்ட்லண்ட் தெருவில் இருந்த ஆல்பனி என்ற பப்பின் நிலவறையில் அந்த ஆண்டு ஞாயிறு மாலைகளில் நடந்த 'ஹெவன்லி சண்டே சோஷியல்' நிகழ்ச்சிக்கு இவர்களே ஆஸ்தான டிஜேக்கள். சில மாதங்களே நடந்த நிகழ்ச்சி அது. நின்றால் தோள் இடிக்கும் சின்ன அறை. ஆனால் ஓயசிஸ் குழுவின் நோயல் கேலகர், பால் வெல்லர், தி சார்லட்டன்ஸ் பாடகர் டிம் பர்ஜெஸ் எனக் கிட்டார் உலகத்தின் பெரிய பெயர்கள் அங்கே வந்து போனார்கள். பீட்டில்ஸும் ஹிப் ஹாப்பும் டெக்னோவும் பழைய சோல் பாட்டும் ஒரே மாலையில் அடுத்தடுத்து ஒலித்தன. எந்தக் கூட்டத்துக்கு எந்த இசை என்ற வேலி அந்த அறையில் இருக்கவில்லை. பின்வந்த ஆல்பங்களின் விருந்தினர் பட்டியலைப் பார்த்தால் பாதிப் பேர் இந்த நிலவறையோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையவர்களாக இருப்பார்கள்.

புகழ் வளர்ந்ததும் அசல் டஸ்ட் பிரதர்ஸ் தங்கள் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டப்படி எச்சரித்தார்கள். 1995இல் 'கெமிக்கல் பீட்ஸ்' பாட்டிலிருந்து ஒரு சொல்லை எடுத்து கெமிக்கல் பிரதர்ஸ் ஆனார்கள். அவ்வாண்டு ஜூனில் வந்த முதல் ஆல்பத்துக்கு 'எக்ஸிட் பிளானட் டஸ்ட்' என்று பெயர் வைத்துப் பழைய பெயருக்கு விடைகொடுத்தார்கள். பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் அது 9ஆம் இடத்தைத் தொட்டது. டிம் பர்ஜெஸ் ஒரு பாட்டையும், அப்போது பரவலாக அறியப்படாத பெத் ஆர்ட்டன் மற்றொன்றையும் பாடினார்கள். ஆல்பத்தின் முதல் பாதி மூச்சுவிட இடம் தராத தாளம். ஆர்ட்டன் பாடிய கடைசிப் பாட்டோ விடியற்காலையில் வீடு திரும்பும் நேரத்துத் தனிமை. நடன இசையை ஒரு முழு ஆல்பமாகக் கோத்துச் சொல்ல முடியும் என்பதை இந்த வரிசை காட்டியது.

அடுத்த கட்டம் நோயல் கேலகரால் தொடங்கியது. பர்ஜெஸ் பாடியதைக் கேட்டுத் தானும் பாட விரும்புவதாக அவரே சொன்னார். 1996 அக்டோபரில் வந்த 'செட்டிங் சன்' பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவ்வளவு இரைச்சலான, அவ்வளவு முரட்டுத்தனமான பாட்டு அந்த இடத்துக்கு வருவது அபூர்வம். பீட்டில்ஸின் 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டின் சாயல் இருந்ததால் பீட்டில்ஸ் தரப்பு வழக்கறிஞர்களிடமிருந்து கேள்வி வந்தது. இசை வல்லுநர் ஒருவரை வைத்து, அந்தப் பாட்டிலிருந்து எந்தத் துண்டையும் எடுக்கவில்லை என்று நிறுவ வேண்டியிருந்தது. 1997 மார்ச்சில் 'பிளாக் ராக்கின் பீட்ஸ்' மீண்டும் முதலிடம். பேஸ் ஒலி ஒன்று உருண்டு வர, ராப் பாடகர் ஸ்கூலி டியின் பழைய பாட்டிலிருந்து வெட்டிய குரல்துண்டு அறைகூவுவதுபோல் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பாட்டு இது. 1998இல் இதற்குக் கிடைத்த கிராமி விருது நடன இசைப் பிரிவில் வரவில்லை. சிறந்த ராக் வாத்திய இசைக்கான விருதாகவே வந்தது. இசைக்கலைஞர்கள் வாக்களித்துத் தரும் ஒரு விருது, சாம்பிளரை வைத்துச் செய்த பாட்டை ராக் இசை என்று ஏற்றுக்கொண்டது. இவர்கள் செய்த வேலைக்கு இதைவிடத் துல்லியமான அங்கீகாரம் வேறு கிடையாது.

1997 ஏப்ரலில் வந்த 'டிக் யுவர் ஓன் ஹோல்' ஆல்பமும் முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் எலக்ட்ரானிக்கா என்ற பெயரில் மின்னணு இசை அலை எழுந்த காலம் அது. தி பிராடிஜியோடு சேர்த்து இவர்களையும் எம்டிவி கொண்டாடியது. அந்த ஆல்பத்தின் இறுதிப் பாட்டு 'த பிரைவேட் சைக்கடெலிக் ரீல்' ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீள்வது. மெர்க்குரி ரெவ் குழுவின் ஜோனதன் டோனஹியு இதில் பங்கேற்றார். சிதார் போல் அதிரும் ஒரு சுருதி, மேலே குவியும் டிரம்ஸ், ஒவ்வொரு சுற்றிலும் கூடும் வெளிச்சம்: பாடகர் ஒருவர்கூட இல்லாமல் இவர்கள் எவ்வளவு உயரம் போக முடியும் என்பதற்கு இந்த ஒரு பாட்டு போதும். கச்சேரிகளைப் பல ஆண்டுகள் இதைக் கொண்டே முடித்தார்கள்.

1999இல் வந்த 'சரண்டர்' இவர்களுடைய சிறந்த ஆல்பம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. முரட்டு டிரம்ஸ் பின்னுக்குப் போய் ஹவுஸ் இசையின் நெகிழ்வு முன்னே வந்தது. பிக் பீட் பாணியை ஆளுக்காள் நகலெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அதன் முன்னோடிகளே அதைக் கைவிட்டு நகர்ந்தார்கள். 'ஹே பாய் ஹே கேர்ள்' பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது. 'அவுட் ஆஃப் கன்ட்ரோல்' பாட்டைப் பாடியவர் நியூ ஆர்டர் குழுவின் பெர்னார்ட் சம்னர். ஹசியெண்டாவைத் தேடி மான்செஸ்டருக்கு வந்த மாணவர்கள், பத்தே ஆண்டுகளில் அந்த கிளப்பை நடத்திய குழுவின் பாடகரைத் தங்கள் பாட்டுக்கு அழைக்கும் நிலைக்கு வந்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு கிளாஸ்டன்பரி விழாவில் பிரமிட் மேடையின் முதன்மைக் கலைஞர்களாக வாசித்தார்கள். கிட்டார் குழுக்களின் கோட்டையாக இருந்த மேடை அது.

மேடையில் பாடகரும் கிடையாது, கிட்டாரும் கிடையாது. கருவிகளின் குவியலுக்குப் பின்னால் இரண்டு பேர் குனிந்து நிற்பதை மக்கள் எவ்வளவு நேரம் பார்ப்பார்கள்? இதற்கு இவர்கள் கண்ட விடை காட்சி. 1990களின் நடுவிலிருந்தே ஆடம் ஸ்மித் திரைக்காட்சிகளை அமைத்துவருகிறார், பின்னர் மார்கஸ் லயல் சேர்ந்துகொண்டார். பயமுறுத்தும் கோமாளி முகங்கள், நடக்கும் உருவங்கள், மேடையில் இறங்கும் ராட்சத ரோபோக்கள் என அந்தக் காட்சிகள் தாளத்தோடு அச்சுப் பிசகாமல் இணைந்தே வரும். ஸ்மித் இயக்கிய 'டோன்ட் திங்க்' என்ற கச்சேரிப் படம், 2011இல் ஜப்பானின் ஃபியூஜி ராக் விழாவில் எடுக்கப்பட்டு அடுத்த ஆண்டு திரையரங்குகளுக்கு வந்தது.

பாட்டுக்கான வீடியோக்களிலும் இதே கவனம். 'எலெக்ட்ரோபேங்க்' வீடியோவை ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கினார். அதில் ஜிம்னாஸ்டிக் வீராங்கனையாக வருபவர் சோஃபியா கொப்போலா. ஆனால் உச்சம் 2002இல் மிஷெல் கோந்த்ரி இயக்கிய 'ஸ்டார் கிட்டார்'தான். ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்து பார்க்கும் பிரெஞ்சு நிலப்பரப்பு மட்டுமே அந்த வீடியோ. முதலில் சாதாரணப் பயணமாகத் தெரியும். சற்று நேரத்தில் கம்பங்கள், பாலங்கள், கட்டடங்கள் எல்லாம் பாட்டின் ஒவ்வொரு ஒலிக்கும் சரியாக வந்து விழுவது புரியும். ஒரு தாளம் மாறினால் ஒரு புதுத் தூண் தோன்றும். மின்னணு இசை எப்படி அடுக்கப்படுகிறது என்பதைக் கண்ணுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

அந்தப் பாட்டு இடம்பெற்ற 'கம் வித் அஸ்' (2002) முதலிடம் பெற்றாலும் முந்தைய இரண்டின் அடர்த்தி அதில் இல்லை. 2005இன் 'புஷ் த பட்டன்' மீட்சி. மொராக்கோப் பாடகி நஜாத் ஆத்தாபுவின் பாட்டிலிருந்து எடுத்த தந்தி வாத்திய ஒலியின் மேல் ராப் பாடகர் க்யூ-டிப் குரல் கொடுத்த 'கேல்வனைஸ்' உலகெங்கும் ஒலித்தது. 2006இல் பாட்டுக்கும் ஆல்பத்துக்கும் இரண்டு கிராமிகள். 'வீ ஆர் த நைட்' (2007) மற்றொரு கிராமியைத் தந்தது. ஆனால் விருந்தினர் கூட்டம் அந்த ஆல்பத்தைச் சிதறடித்துவிட்டது. அதை உணர்ந்தது போலவே 2010இல் 'ஃபர்தர்' ஆல்பத்துக்குப் பிரபல விருந்தினர் யாரையும் அழைக்காமல், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படம் சேர்த்து முழுவதையும் ஒரே படைப்பாகச் செய்தார்கள். 2011இல் 'ஹன்னா' திரைப்படத்துக்கு இசையமைத்தார்கள். இயக்குநர் ஜோ ரைட் இளமையில் இவர்களுடைய மேடைக் காட்சிகளுக்கு வேலை பார்த்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸின் சைக்கிள் அரங்குக்கும் ஓர் இசை தந்தார்கள்.

2015இல் 'பார்ன் இன் த எக்கோஸ்' இவர்களுடைய ஆறாவது முதலிட ஆல்பம் ஆயிற்று. அவ்வாண்டு சைமன்ஸ் கல்விப் பணிக்காகச் சுற்றுப்பயணத்திலிருந்து விலக, அவர் இடத்தில் ஆடம் ஸ்மித் மேடையேறினார். அடுத்த ஆண்டு சைமன்ஸ் திரும்பினார். அதன்பின் வந்த 'நோ ஜியாக்ரஃபி' (2019) ஆல்பத்துக்காக ரோலண்ட்ஸ் முதல் இரண்டு ஆல்பங்களில் பயன்படுத்திய பழைய கருவிகளையே எடுத்து வைத்துக்கொண்டார். பழைய நினைவில் திளைக்கும் ஆல்பமாக அது முடிந்திருக்கலாம். மாறாக, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் சர்ச்சையில் பிரிட்டன் கொந்தளித்த காலத்தின் கோபமும் தவிப்பும் அதில் ஏறின. 2020இல் அதற்கும் அதன் 'காட் டு கீப் ஆன்' பாட்டுக்கும் இரண்டு கிராமிகள் கிடைக்க, மொத்தம் ஆறு ஆயிற்று. 2023 செப்டம்பரில் பத்தாவது ஆல்பம் 'ஃபார் தட் பியூட்டிஃபுல் ஃபீலிங்' வந்தது. அதையொட்டி, ஹெவன்லி சோஷியலை நடத்தியவர்களில் ஒருவரான ராபின் டர்னரோடு சேர்ந்து 'பாஸ்ட் இன் காஸ்மிக் ரிஃப்ளெக்‌ஷன்' என்ற நூலில் தங்கள் வரலாற்றைத் தொகுத்தார்கள்.

முப்பதாண்டுக்கு மேல் ஒரே இருவர், மேடையில் அந்த ஒருமுறை தவிர ஆள்மாற்றம் இல்லாமல், பிரிந்து மறுபடி கூடும் நாடகம் இல்லாமல் வேலை செய்திருக்கிறார்கள். இந்தக் காலத்து இசைக் குழுக்களில் அரிதான செய்தி இது. சின்னச் சின்னப் பழக்கங்களும் இதற்கு உதவின. முடிவாகாத பாட்டுகளை 'எலக்ட்ரானிக் பேட்டில் வெப்பன்' என்ற எண் வரிசையில் டிஜேக்களுக்குத் தந்து, கிளப்பில் மக்கள் ஆடுகிறார்களா என்று பார்த்த பிறகே ஆல்பத்தில் சேர்த்தார்கள்.

இவர்களைப் புதிதாகக் கேட்க வருபவர் தேர்ந்தெடுத்த பாட்டுகளின் தொகுப்புகளை ஒதுக்கிவிட்டு 'டிக் யுவர் ஓன் ஹோல்' ஆல்பத்தில் தொடங்க வேண்டும். பாட்டுகள் பல ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடுவதால் இடையில் நிறுத்தாமல், வரிசையை மாற்றாமல், பேஸ் ஒலி சரியாக இறங்கும் ஒலிபெருக்கியில் கேளுங்கள். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் இந்த இசையின் பாதி காதுக்கே வராது.