உருண்டை எங்கே நிற்கிறது?

ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று கம்பம் பள்ளத்தாக்கில் புழுதியை வாரி இறைக்கும். இழுப்புக்காரர்களுக்கு ஆகாத மாசங்கள். மூச்சு முட்டி வந்தவருக்கு ஆக்ஸிஜன் வைத்ததும் உடன் வந்தவர்கள் மாஸ்க்கைத்தான் பார்ப்பார்கள். நான் ஆக்ஸிஜன் ஓட்டத்தைக் காட்டும் ஃப்ளோமீட்டர் குழாய்க்குள் மிதக்கும் உருண்டையைப் பார்ப்பேன்.

அந்த உருண்டையை வைக்க இரண்டு வழி. திருகை முழுக்கத் திறந்துவிட்டு நிம்மதியாவது ஒன்று. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது மற்றொன்று. நியூசிலாந்தில் கடும் ஆஸ்துமாவோடு வந்த 106 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு நிமிடத்துக்கு 8 லிட்டர். மறுசாராருக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவு 93 முதல் 95 சதவீதம் நிற்கும் அளவு மட்டும். ஒரு மணி நேரத்தில் உடலில் கரியமில வாயு கணிசமாக ஏறியவர்கள் முதல் சாராரில் 44 சதவீதம், அடுத்ததில் 19.

காரணம் நம் விவசாயிக்குச் சட்டெனப் புரியும். காற்று போகாத பகுதிக்கு ரத்தம் வீணாகப் பாயாமல் நுரையீரல் தானே மடையை அடைத்துக்கொள்கிறது. அளவுமீறிய ஆக்ஸிஜன் அந்த மடையைத் திறந்துவிடுகிறது; அங்கே பாயும் ரத்தம் கரியமில வாயுவை இறக்காமலே திரும்புகிறது.

அதற்காகக் கஞ்சத்தனம் கூடாது. ஆக்ஸிஜன் குறைந்தால் ஆளே போய்விடுவார்; ஆக்ஸிமீட்டர் இல்லையென்றால் தயங்காமல் கொடுக்கத்தான் வேண்டும். பீடியால் நுரையீரல் கெட்ட பெரியவருக்கு வருவதையும் ஊரில் இழுப்பு என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கு இலக்கு இன்னும் கீழே, 88 முதல் 92.

முழுத் திறப்பில் இன்னொரு வம்பு உண்டு. ஆக்ஸிஜனில் ஓட்டும் நெபுலைசரில் மருந்து தீர்ந்த பிறகும் 8 லிட்டர் அப்படியே ஓடும். ஆக்ஸிமீட்டர் 98 காட்டும். நோயாளியோ களைத்து, பேச்சு ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியிருப்பார். எண் அழகாக இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கம்பத்திலிருந்து உத்தமபாளையம், சின்னமனூர், தேனி தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் வழியில் சிலிண்டர் கணக்கும் சேரும். 1,500 லிட்டர் சிலிண்டர் 15 லிட்டரில் 100 நிமிடம் வரும். 3 லிட்டரில் எட்டு மணி நேரத்துக்கு மேல்.

அனுப்பும் சீட்டில் பெரும்பாலும் "ஆக்ஸிஜன் 96" என்று மட்டும் இருக்கும். 2 லிட்டரில் வந்த 96-ஆ, 10 லிட்டரில் வந்த 96-ஆ? இறக்குகிற இடத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.