பதினாறு பேறும் ஒற்றைப் பிள்ளையும்
தமிழகத்தில் குழந்தைப்பேறு குறைந்த வரலாறு

மணமேடையில் பெரியோர் அட்சதை தூவி, 'பதினாறும் பெற்று' வாழுமாறு வாழ்த்துவது தமிழர் மரபு. அப்பதினாறு என்பது கல்வி, நோயின்மை, புகழ் முதலிய பேறுகளைக் குறிக்கும் என்று அறிந்தோர் விளக்குவர். 2024 அக்டோபரில் சென்னையில் நடந்த திருமண விழா ஒன்றில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இவ்வாழ்த்தை நினைவூட்டி, பதினாறு பிள்ளைகளையே பெற்றால் என்ன என்று எண்ணும் நிலை வந்துவிட்டதோ என நகைச்சுவையாகக் கேட்டார். கேட்டோர் சிரித்தனர். ஆயினும் அதன் பின்னே ஒரு கணக்கு உண்டு. 1971-ல் தமிழகப் பெண் ஒருவர் தம் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி 3.9, 2020-ல் அது 1.4. மக்கள்தொகை தேயாதிருக்க வேண்டிய அளவு ஏறத்தாழ 2.1.

செல்வம் பெருகினால் பிள்ளைப்பேறு குறையும் என்பது பலரும் நம்பும் விளக்கம். அது பாதி உண்மையே. ஐரோப்பிய நாடுகளின் பிறப்புக் குறைவைப் பற்றி அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1963-ல் பெரிய ஆய்வொன்றைத் தொடங்கியது. ஒரே மொழியும் பண்பாடும் கொண்ட பகுதிகள், வளத்தில் வேறுபட்டிருந்தும், ஒரே காலத்தில் சிறு குடும்பத்திற்கு மாறியதை அது கண்டது. தொழிற்புரட்சி கண்ட இங்கிலாந்துக்கு முன்பே உழவர் நாடான பிரான்சில் பிறப்பு குறைந்தது. நம் நாட்டிலும் தமிழகத்தைவிட வளம் மிக்கிருந்த அரியானா, சிறு குடும்பத்திற்கு வரத் தமிழகத்தைவிடப் பல ஆண்டுகள் பிந்தியது. அண்டை வீட்டார் எதை இயல்பு என்று கருதுகின்றனரோ அதுவே மெல்ல நம் வீட்டு வழக்கமும் ஆகிறது.

அவ்வியல்பு சென்னையில் மாறத் தொடங்கிய கதை நெடியது. 1882-லேயே இங்கு மால்தூசியக் கழகம் ஒன்று தோன்றியது. கருத்தடை நூலை வெளியிட்டமைக்காக 1877-ல் இலண்டனில் வழக்கைச் சந்தித்த அன்னி பெசன்ட், பின்னாளில் அடையாற்றில் வாழ்ந்தார்; ஆனால் அதற்குள் பிரம்மஞானத்தில் ஈடுபட்டு அப்பழைய கொள்கையைக் கைவிட்டிருந்தார். 1920-களின் இறுதியில் சென்னைப் பெருமக்கள் சிலர் மீண்டும் ஒரு கழகம் கண்டனர். அவர்கள் பேசியது நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம் ஆகியவற்றைப் பற்றி. அதே காலத்தில் பெரியார் ஈ.வெ.ரா. வேறொரு காரணம் கூறினார்: பெண் தன் விருப்பப்படி வாழ்வதற்கே கருத்தடை வேண்டும் என்றார். 1935 இறுதியில் வார்தாவில் மார்கரெட் சாங்கரைச் சந்தித்த காந்தியடிகளோ கருவிகளை ஏற்காமல் புலனடக்கமே வழி என்றார். அவருடைய பிரமசரியக் கருத்தில் சமண அறிஞர் ராய்சந்த்பாயின் தாக்கம் உண்டு என்பதை நம் வாசகர் அறிவர்.

1950-களின் பிற்பகுதியில் கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை வழங்கிய முன்னோடி மாநிலங்களுள் சென்னை மாநிலமும் ஒன்று. ஆயினும் தொகையால் மட்டும் மனம் மாறிவிடாது. காமராசர் காலத்து மதிய உணவும் ஊர்தோறும் எழுந்த பள்ளிகளும் பெண்மக்களை வகுப்பறைக்கு அழைத்து வந்தன. படித்த பெண்ணின் மணவயது தள்ளிப்போயிற்று. 1971-ல் ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் முதலாண்டிலேயே இறந்தனர்; 2020-ல் 13 பேர். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி வந்தபின், கூடுதலாகப் பெற்று வைக்கும் தேவை அகன்றது.

இம்மாற்றத்திற்குச் சமணக் கோட்பாடு தடையாக நின்றதில்லை. மகன் பிண்டமிட்டால்தான் தந்தைக்கு நற்கதி என்ற கொள்கை நம்மிடம் இல்லை; அவரவர் வினைக்கு அவரவரே பொறுப்பு. கணவன் அனுமதி இல்லாமலே சமணக் கைம்பெண் தத்தெடுக்கலாம் என்ற வழக்கத்தை, வடநாட்டுச் சமணர் வழக்கொன்றில் 1878-ல் பிரிவி கவுன்சில் ஏற்றது. ஆனால் கோட்பாடு ஒன்று, நடைமுறை ஒன்று. 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட சமண ஆண்குழந்தைகள் ஆயிரவருக்குப் பெண்குழந்தைகள் 889 பேரே. நாட்டின் சராசரியைவிட இது குறைவு. பெரும்பாலும் வடபுலத்தாரைக் குறிக்கும் எண்தான்; எனினும் அகிம்சையைத் தலையாய அறமாகக் கொண்ட சமுதாயம் எளிதில் கடந்துவிடக் கூடிய எண் அன்று.

தமிழ்ச் சமணர் நிலை வேறு. வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்குப் பிள்ளை என்பது உழைக்கும் கையும் கூட. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தபின் இப்பகுதியின் முகம் மாறியது. வேலை தேடியும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் ஊர்களை விட்டு வந்தோர் அம்பத்தூர், ஆவடி, அண்ணனூர் என இருப்புப்பாதையை ஒட்டிக் குடியேறினர். இங்கே பிள்ளை என்றால் பள்ளிக் கட்டணம், தனிவகுப்பு, வாடகை. அதிகாலை மின்தொடர் வண்டியில் வேலைக்குச் செல்லும் தாயின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி அருகில் இல்லை. அவர் ஊரில் இருக்கிறார். இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்ற முடிவு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. இதைத் தன்னலம் என்று பெரியோர் சிலர் கடிந்துகொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பெரிய சமுதாயத்தில் இக்குறைவு ஒரு புள்ளிவிவரம். சிறு சமுதாயத்தில் அது உறவுமுறையையே தொடுகிறது. ஒற்றைப் பிள்ளைக்கு ஒற்றைப் பிள்ளை என்று இரு தலைமுறை சென்றால் தாய்மாமன் இல்லை, அத்தை இல்லை, சித்தப்பா இல்லை. காதணி விழாவில் மாமன் மடி யாருடையது? வரன் தேடும் வட்டமோ ஏற்கெனவே சிறியது. படிப்பு, வேலை, வயது என்று பொருத்தம் பார்க்கும்போது அது விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்குகிறது. மணம் தள்ளிப்போகிறது, மகப்பேறும் தள்ளிப்போகிறது.

இவ்வழியில் நமக்கு முன்னே சென்றோர் பார்சிகள். 1941-ல் இந்தியாவில் 1,14,890 பேராக இருந்த அவர்கள், 2011-ல் 57,264 பேர். 2013-ல் மைய அரசு 'ஜியோ பார்சி' திட்டத்தின் வாயிலாக மகப்பேறு மருத்துவத்திற்கு உதவத் தொடங்கியது. ஆனால் தாமதமாக மணப்பதும் மணக்காமலே இருப்பதும் அங்கே நெடுங்கால வழக்கமாகியிருந்தன. வெளியே மணந்த பெண்ணின் பிள்ளைகளைச் சமுதாயத்தில் சேர்க்க மறுப்போரும் பலர். மருந்தால் தீரும் குறை ஒரு பங்கே. தென்கொரியா பெரும் நிதி செலவிட்டும் 2023-ல் அதன் எண் 0.72.

நம் எண் என்ன? 2011-ல் தமிழகச் சமணர் 89,265 பேர் என்று அரசு கூறுகிறது. அதில் வணிகத்தின் பொருட்டு வடக்கிலிருந்து வந்தோரும் அடங்குவர். தமிழ்ச் சமணரைப் பிரித்துக் காட்டும் அட்டவணை இல்லை. ஆகவே அதை நாமே எழுத வேண்டும். அறக்கட்டளைகள் விழா நன்கொடைக்காகத் திரட்டும் குடும்பப் பெயர்ப்பட்டியலில் மணவயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, சொந்த ஊரில் இன்னும் வசிப்போர் ஆகிய மூன்று கட்டங்களைச் சேர்த்தால் போதும். தாய் வேலைக்குச் செல்லும் வீட்டில் குழந்தையைக் கவனிப்பவர் யார் என்று நான்காவதாக ஒன்றையும் கேட்கலாம். பகலில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் வேண்டுமா என்பதை அந்த நான்காவது கட்டம் சொல்லிவிடும்.